ஐசிங் மாதிரியில் காந்தமாக்கம் ஏன் 2.269-இல் சட்டென்று விழுவதில்லை?

கேள்வி இதுதான்: காந்தத்தின் எளிய கணக்கு வடிவமான இருபரிமாண ஐசிங் மாதிரிக்கு, ரேண்டம் எண்களால் ஓட்டும் மெட்ரோபோலிஸ் முறையில் ஒரு நிரல் எழுதியிருக்கிறீர்கள், பக்கத்துக்கு 32 ஸ்பின் (அணு அளவிலான குட்டிக் காந்தம்) உள்ள சதுரம். 2.269 என்ற வெப்பநிலையில் காந்தமாக்கம் (எல்லா ஸ்பின்களின் சராசரி) சுழியாகிவிடும் என்று படித்தீர்கள். ஆனால் உங்கள் வரைபடத்தில் அது வழுக்கிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது, சரியாக 2.269-இல் 0.65 காட்டுகிறது. போதாததற்கு, மிகக் குறைந்த வெப்பநிலையில் சில ஓட்டங்கள் சுழிக்குப் பக்கத்தில் போய் மாட்டிக்கொள்கின்றன. நிரலில் தப்பா, புரிதலில் தப்பா, இதற்கும் நிஜ இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள்.

முதலில், 0.65 சரியான விடை. அந்த இடத்தில் உங்களுக்குச் சுழி வந்திருந்தால்தான் நான் நிரலைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

இரும்பைச் சூடாக்கினால் 1043 கெல்வினில், அதாவது 770 டிகிரி செல்சியஸில், அது தானாகக் காந்தமாக இருக்கும் தன்மையை இழக்கிறது. நிக்கலுக்கு இது 627 கெல்வின் அளவில். கடோலினியத்துக்கு 293 கெல்வின் அளவில்தான், அறை வெப்பநிலையிலேயே முடிந்துவிடும். இதுதான் கியூரி வெப்பநிலை. பக்கத்து ஸ்பின்கள் ஒரே திசையில் நின்றால் ஆற்றல் குறைவு. ஆனால் தாறுமாறாக நிற்பதற்கு வழிகள் மிக அதிகம். குளிரில் முதலாவது ஜெயிக்கிறது, சூட்டில் இரண்டாவது. இந்தப் போட்டியை எவ்வளவு எளிமையாக எழுத முடியுமோ அவ்வளவு எளிமையாக எழுதியதுதான் ஐசிங் மாதிரி. ஒவ்வொரு புள்ளியிலும் மேல் அல்லது கீழ் என்று ஒரு ஸ்பின், பக்கத்து ஸ்பின்களோடு மட்டும் உறவு. (ஐசிங் என்பவர் ஜெர்மன்காரர், அதனால் 'ஈசிங்' என்பதே சரியான உச்சரிப்பு. பழகிப்போனதை மாற்ற எனக்கு மனமில்லை.)

மாதிரியை யோசித்தவர் அவருடைய பேராசிரியர் வில்ஹெல்ம் லென்ஸ், 1920-இல். ஐசிங் 1925-இல் ஒருபரிமாணச் சங்கிலிக்குத் தீர்வு கண்டு, அதில் நிலைமாற்றமே (ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காந்தத் தன்மை மறைவது) கிடையாது என்று காட்டினார். அது சரி. ஆனால் முப்பரிமாணத்திலும் இருக்காது என்று நினைத்தாரே, அதுதான் தப்பு. இரண்டு பரிமாணத்தில் நிலைமாற்றம் உண்டு என்று 1936-இல் பையர்ல்ஸ் வாதாடினார். 1944-இல் லார்ஸ் ஆன்சாகர் இருபரிமாணச் சதுரத்துக்குத் துல்லியமான தீர்வையே கொடுத்தார். உங்கள் 2.269 அங்கிருந்து வருகிறது: 2-ஐ, ஒன்றும் வர்க்கமூலம் இரண்டும் சேர்ந்த தொகையின் இயல் மடக்கையால் வகுத்தால் 2.26919. இது கெல்வின் இல்லை. ஸ்பின்களின் இணைவு ஆற்றலை போல்ட்ஸ்மான் மாறிலியால் வகுத்த அலகு. காந்தமாக்கத்துக்கான சூத்திரத்தை ஆன்சாகர் நிரூபணம் இல்லாமலே அறிவித்துவிட்டுப் போய்விட்டார். 1952-இல் சி. என். யாங் அதை நிறுவினார்.

அந்தச் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை 2.0-இல் காந்தமாக்கம் 0.911. 2.2-இல் 0.785. 2.26-இல்கூட இன்னும் 0.613. அதற்கப்புறம் 0.01-க்கும் குறைவான தூரத்தில் மொத்தமும் போய்விடுகிறது. காரணம், மாறுநிலைப் புள்ளியை, அதாவது 2.269-ஐ, நெருங்கும்போது காந்தமாக்கம், மீதமிருக்கும் வெப்பநிலை இடைவெளியின் 1/8-ஆம் அடுக்காகக் குறைகிறது. செங்குத்துப் பாறை போன்ற இறக்கம். படித்தபோது உங்கள் மனதில் பதிந்தது இந்தப் படம்.

ஆனால் இந்தச் சூத்திரம் எல்லையற்ற சதுரத்துக்கானது. உங்களிடம் இருப்பவை 1024 ஸ்பின்கள். அவற்றுக்குச் சாத்தியமான நிலைகள் இரண்டின் 1024-ஆம் அடுக்கு. எழுதினால் 309 இலக்கம் வரும். பெரிய எண்தான், ஆனாலும் முடிவுள்ள எண். முடிவுள்ள எண்ணிக்கையில் வழவழப்பான சார்புகளைக் கூட்டினால் வழவழப்பான சார்புதான் கிடைக்கும். அதில் முனையோ முறிவோ வராது. ஆகவே கணினிக்குள் நிலைமாற்றம் கறாரான பொருளில் நடப்பதே இல்லை. எந்தச் சூப்பர் கணினியிலும் இல்லை. இன்னும் கறாராகச் சொன்னால், மேல், கீழ் இரண்டும் சமம் என்பதால், முடிவுள்ள சதுரத்தில் குறியோடு எடுத்த காந்தமாக்கத்தின் உண்மையான சராசரி எல்லா வெப்பநிலையிலும் சுழிதான். அதனால்தான் எல்லோரும் குறியை நீக்கிவிட்டுச் சராசரி எடுக்கிறோம். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள், இல்லையென்றால் 0.65 வந்திருக்காது.

அப்புறம் என்னதான் அளப்பது? ஒரே ஒரு அளவில் ஓட்டிவிட்டு அந்த வளைவில் 2.269-ஐத் தேடாதீர்கள். பல அளவுகளில் ஓட்டி, அளவு மாறும்போது விடை எப்படி மாறுகிறது என்பதை அளந்து பாருங்கள். பக்கத்து நீளம் எவ்வளவு என்பது நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டிய குறை இல்லை. வெப்பநிலையைப் போலவே நீங்கள் திருகக்கூடிய இன்னொரு திருகு.

மாறுநிலைப் புள்ளியிலேயே நின்றுகொண்டு பக்கத்தை 32, 64, 128 என்று இரட்டிப்பாக்கினால் காந்தமாக்கம் ஏறத்தாழ 0.65, 0.60, 0.55 என்று இறங்கும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 0.917 மடங்கு, இரண்டின் −1/8-ஆம் அடுக்கு அதுதான். பக்கத்துக்கு 1000 ஸ்பின் வைத்தால்கூட 0.42 இருக்கும். மதிப்பைப் பாதியாக்க வேண்டுமானால் பக்கத்தை 256 மடங்கு பெரிதாக்க வேண்டும்! இப்போது புரிந்திருக்கும், சுழியை நேரடியாகப் பார்க்கப் போவது ஏன் வீண்வேலை என்று. ஆனால் இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்து வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும்; அதன் சரிவு −1/8. யாங்கின் சூத்திரத்தில் இருக்கும் அதே 1/8, உங்கள் சின்னச் சதுரங்களிலிருந்தே வெளியே வருகிறது.

காந்த ஏற்புத்திறனையும் (வெளிக் காந்தப்புலத்துக்குக் காந்தமாக்கம் எவ்வளவு அசைகிறது என்பதை) இப்படியே பாருங்கள். அதன் உச்சி ஒவ்வொரு இரட்டிப்புக்கும் சுமார் 3.4 மடங்கு உயரும், உச்சியின் இடமும் 2.269-ஐ நோக்கி நகரும். தன்வெப்ப ஏற்புத்திறனை (வெப்பநிலையை உயர்த்த எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை) நம்பி இறங்க வேண்டாம். இருபரிமாணத்தில் அது மடக்கை வேகத்தில்தான் வளர்கிறது, கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது.

மாறுநிலை வெப்பநிலை முன்கூட்டித் தெரியாதபோது எனக்குப் பிடித்த கருவி, குர்ட் பைண்டர் 1981-இல் கொடுத்த ஒரு விகிதம். காந்தமாக்கத்தின் நான்காம் அடுக்குக்குச் சராசரி எடுங்கள். அதை, இரண்டாம் அடுக்கின் சராசரியை வர்க்கப்படுத்தி மூன்றால் பெருக்கிய எண்ணால் வகுங்கள். கிடைத்ததை 1-இலிருந்து கழியுங்கள். நல்ல குளிரில் இது 2/3, நல்ல சூட்டில் சுழி. வெவ்வேறு அளவுச் சதுரங்களுக்கு வரைந்த வளைவுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும்; அந்தப் புள்ளிதான் மாறுநிலை வெப்பநிலை. எந்த அடுக்கின் மதிப்பும் தெரிந்திருக்கத் தேவையில்லை. சுற்றிவரும் விளிம்பு கொண்ட (இடது விளிம்புக்கு வலது விளிம்பே அண்டையாகும்) சதுரத்தில் வெட்டும் உயரம் 0.61. நானாக இருந்தால் மற்ற வரைபடங்களைத் தொடும் முன் இதைத்தான் வரைவேன்.

சரி, குளிரில் மாட்டிக்கொள்ளும் விஷயம். காந்தமாக்கம் சுழி என்று காட்டிய ஓட்டத்தின் கடைசி நிலையை, மேல் கறுப்பு, கீழ் வெள்ளை என்று படமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கறுப்புப் பட்டை, ஒரு வெள்ளைப் பட்டை, நடுவில் நேரான எல்லைக்கோடு என்று இருக்கும். தாறுமாறான தொடக்கத்திலிருந்து நேராகச் சுழி வெப்பநிலைக்கு இறக்கினால், மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்கள் இப்படிப் பட்டைகளாக உறைந்துபோகும். நேரான எல்லையில் நிற்கும் ஒரு ஸ்பின்னுக்கு அண்டை நான்கு: மூன்று தன் நிறம், ஒன்று எதிர் நிறம். புரண்டால் ஆற்றல் 4 அலகு கூடும். வெப்பநிலை 0.5 என்றால் அதற்கான வாய்ப்பு 10,000-க்கு 3 தடவை. அப்படியே புரண்டாலும் அடுத்த சுற்றில் திரும்பிவிடும், ஏனென்றால் திரும்பினால் ஆற்றல் குறைகிறது. நிஜக் காந்தத்திலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு, காந்தப் பகுதிகள் என்று. சமநிலைச் சராசரிதான் வேண்டும் என்றால் குளிர் ஓட்டங்களை, எல்லா ஸ்பின்களையும் மேல்நோக்கி வைத்துத் தொடங்குங்கள், அல்லது சூட்டிலிருந்து படிப்படியாக இறக்குங்கள். பட்டை வந்த ஓட்டங்களை மட்டும் கையால் பொறுக்கி எறிவதை நான் ஏற்கமாட்டேன். பிடித்த விடையை வைத்துக்கொள்வது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிரல் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெட்ரோபோலிஸ் முறையின் ஒரு படியைக் கையால் ஓட்டிப் பார்ப்போம். ஒரு ஸ்பின்னைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறீர்கள். அண்டை நான்கில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ அதே திசை என்றால் புரட்டிவிடலாம், செலவில்லை. மூன்று அதே திசை என்றால் செலவு 4 அலகு. மாறுநிலை வெப்பநிலையில் சம்மத வாய்ப்பு 0.172. நான்கும் அதே திசை என்றால் செலவு 8, வாய்ப்பு 0.029. ஒரு ரேண்டம் எண் போட்டு, அது இந்த வாய்ப்புக்குக் கீழே இருந்தால் புரட்டுகிறீர்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறீர்கள். ஆற்றல் மாற்றத்துக்கு −8, −4, 0, 4, 8 என்ற ஐந்தே மதிப்புகள் என்பதால் எக்ஸ்பொனென்ஷியலை ஒருமுறை கணக்கிட்டுப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். இந்த முறை 1953-இல் லாஸ் அலமோஸில் மேனியாக் கணினியில் பிறந்தது. ஓட்டியது காந்தத்தை அல்ல, 224 வட்டத் தட்டுகளை. கட்டுரையில் ஐந்து பெயர்கள். நிரலை எழுதியவர் அவர்களில் ஒருவரான அரியானா ரோசன்புளூத். முறைக்கோ பட்டியலில் முதலில் இருந்த மெட்ரோபோலிஸின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் 'விட்டுவிடுகிறீர்கள்' என்ற சொல். விட்டுவிட்டால், பழைய நிலையை இன்னொருமுறை சராசரியில் சேர்க்க வேண்டும். நான் முதன்முதலில் எழுதிய நிரலில், அளவிடும் வரியைப் புரட்டும் நிபந்தனைக்கு உள்ளே வைத்துவிட்டேன். புரண்ட நிலைகள் மட்டும் எண்ணப்பட்டன. வளைவு பார்க்க லட்சணமாகவே இருந்தது, மாறுநிலை வெப்பநிலை மட்டும் எங்கோ தள்ளி. இரண்டு வாரம் ரேண்டம் எண்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் காட்டிக்கொடுத்தது 4-க்கு 4 சதுரம். அதில் மொத்தம் 65,536 நிலைகள்தான்; எல்லாவற்றையும் வரிசையாக எண்ணிச் சரியான சராசரி ஆற்றலைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் தந்துவிடும். உங்கள் மாண்டே கார்லோ (ரேண்டம் எண்களால் கணக்கிடும் முறை) விடை அதோடு பிழை எல்லைக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையா, மேற்கொண்டு எதையும் ஓட்டாதீர்கள். சி மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் விளிம்பையும் ஒருமுறை பாருங்கள்: −1-ஐ 32-ஆல் வகுத்த மீதி அங்கே −1, 31 அல்ல. இடது விளிம்பின் அண்டை நினைவகத்தில் வேறெங்கோ போய்விடும்.

பெரிய சதுரங்களுக்குப் போகும்போது இன்னொரு தொல்லை வரும். மாறுநிலைப் புள்ளிக்கு அருகே ஒரே திசை ஸ்பின்களின் திட்டுகள் சதுரத்தின் அளவுக்கே வளர்ந்துவிடுகின்றன. ஸ்பின்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அவ்வளவு பெரிய திட்டைக் கலைக்க யுகமாகும். கணக்கு இப்படி: ஒரு நிலையிலிருந்து அதற்குத் தொடர்பில்லாத இன்னொரு நிலைக்குப் போக வேண்டிய சுற்றுகள் (எல்லா ஸ்பின்களையும் சராசரியாக ஒருமுறை முயல்வது ஒரு சுற்று), பக்கத்து நீளத்தின் 2.17-ஆம் அடுக்காக வளர்கின்றன. பக்கத்தை இரட்டித்தால் அது 4.5 மடங்கு, ஸ்பின்களும் 4 மடங்கு ஆவதால் மொத்த நேரம் 18 மடங்கு. 32-இல் ஒரு மணி நேரம் எடுத்த அளவீட்டை 256-இல் அதே துல்லியத்தோடு செய்ய எட்டு மாதம் ஆகும்.

1987-இல் ஸ்வெண்ட்சனும் வாங்கும், 1989-இல் உல்லி வோல்ஃபும் இதற்கு வழி கண்டார்கள். வோல்ஃபின் வழி நிரலாக எழுத எளிது. ஒரு ஸ்பின்னில் தொடங்கி, அதே திசையில் நிற்கும் அண்டைகளை ஒரு குறிப்பிட்ட வாய்ப்போடு கூட்டத்தில் சேர்த்துக்கொண்டே போங்கள். மாறுநிலை வெப்பநிலையில் அந்த வாய்ப்பு 0.586. கூட்டம் வளர்வது நின்றதும் மொத்தக் கூட்டத்தையும் ஒரே வீச்சில் புரட்டுங்கள். சம்மதம் கேட்கும் படியே கிடையாது. வாய்ப்பைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே கணக்கு சரியாகிவிடுகிறது. மேலே சொன்ன எட்டு மாதத்தில் பெரும்பகுதி மாயமாகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1992-இல் ஃபெர்ரன்பெர்க், லாண்டாவ், வோங் மூவரும், விடை துல்லியமாகத் தெரிந்த இருபரிமாண ஐசிங் மாதிரியை வோல்ஃப் முறையில் ஓட்டினார்கள். அப்போது நல்லது என்று பேர் வாங்கியிருந்த ஆர்250 என்ற ரேண்டம் எண் ஆக்கி, பிழை எல்லைக்கு வெகு தொலைவில் தப்பான ஆற்றலைக் கொடுத்தது. மட்டமானது என்று ஒதுக்கப்பட்ட பழைய ஆக்கி நன்றாகவே தேறியது. கூட்டம் வளர்க்கும் முறை, எண்களுக்கு நடுவே இருந்த ஒளிந்த தொடர்புகளோடு போய் ஒத்துக்கொண்டதுதான் காரணம். எந்த ஆக்கியும் எல்லா முறைக்கும் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. இன்றைய மொழிகளோடு வரும் ஆக்கிகள் பெரும்பாலும் நல்லவைதான். இருந்தும் முக்கியமான ஓட்டத்தை வேறு வகை ஆக்கி ஒன்றில் இன்னொருமுறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

பிழைப்பட்டையைப் பற்றிச் சுருக்கமாக: அடுத்தடுத்த சுற்றுகளின் அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. 10 லட்சம் அளவீடு என்று சொல்லி அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை பொய்யாகச் சிறுத்துவிடும். அளவீடுகளை நீளமான துண்டுகளாக வெட்டித் துண்டுச் சராசரிகளின் சிதறலைப் பாருங்கள். துண்டை நீட்ட நீட்டப் பிழை மாறாமல் நிற்கும் இடம்தான் உண்மையான பிழை.

கடைசியாக இரும்பு. உங்கள் நிரலில் எந்த வெப்பநிலையைத் திருகினாலும் 1043 என்ற எண் வராது. மாறுநிலை வெப்பநிலை, படிக அமைப்பையும் இணைவு ஆற்றலையும் பொறுத்தது. இரும்பின் ஸ்பின் மேல், கீழ் என்ற இரண்டோடு நிற்காமல் எந்தத் திசையிலும் திரும்பக்கூடியது. அதற்கு ஹைசன்பெர்க் மாதிரி வேண்டும். எலெக்ட்ரான் கட்டமைப்புக் கணக்கிலிருந்து ஒவ்வொரு ஜோடி அணுவுக்கும் இணைவு ஆற்றலை எடுத்து, அதை மாண்டே கார்லோவில் போட்டுக் கியூரி வெப்பநிலையை மதிப்பிடுவார்கள். மாண்டே கார்லோவைத் தவிர்த்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பின்னும் அண்டைகளின் சராசரியைத்தான் உணர்கிறது என்று வைத்துக் கணக்கிடும் குறுக்கு வழி விடையை மிகைப்படுத்தும். உங்கள் சதுரத்திலேயே அது 2.269-க்குப் பதில் 4 என்று சொல்லும். முப்பரிமாணக் கனசதுரத்தில் 4.51-க்குப் பதில் 6. மாண்டே கார்லோவுக்கும் ஒரு பலவீனம் உண்டு: குளிரில் குவாண்டம் விளைவுகளைச் சாதாரண (குவாண்டம் விதி சேர்க்காத) ஸ்பின்கள் காட்டாது. நிஜக் காந்தத்தில் காந்தமாக்கம் வெப்பநிலையின் 3/2-ஆம் அடுக்காகக் குறையத் தொடங்கும். சாதாரண ஸ்பின்களில் நேர்கோடாகவே குறையும். கியூரி வெப்பநிலைக்கு அருகே நம்புங்கள், குளிரில் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த 1/8 இருக்கிறதே, அது அப்படிப்பட்ட விவரம் எதையும் பொறுத்ததல்ல. பரிமாணம் எத்தனை, ஸ்பின்னுக்கு என்ன சுதந்திரம் என்பவற்றை மட்டும் பார்க்கிறது. ஏன் என்பதை விளக்கியதற்குத்தான் கென்னத் வில்சனுக்கு 1982-இல் நோபல் பரிசு. அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்து, அடுக்குகளுக்கு இடையே இணைவு மிகக் குறைவாக உள்ள பொட்டாசியம் கோபால்ட் ஃபுளோரைடு என்ற எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருளில் (பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்பது) நியூட்ரான் சிதறலால் அளந்த அந்த அடுக்கு எண்ணும் 1/8-ஐ ஒட்டியே வந்தது. 2017-இல் ஒற்றை அடுக்குக் குரோமியம் ட்ரைஅயோடைடு 45 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாக இருப்பதைக் கண்டார்கள். அதன் ஸ்பின்கள் தளத்துக்குச் செங்குத்தாக மேல், கீழ் என்று நிற்க விரும்புவதுதான் அதைக் காப்பாற்றுகிறது. எந்தத் திசையும் சமம் என்றிருந்தால் இரண்டு பரிமாணத்தில் காந்த ஒழுங்கு நிலைக்காது என்பது 1966-இல் மெர்மினும் வாக்னரும் நிறுவியது.

இதை நீங்களே சோதிக்கலாம். உங்கள் நிரலில் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஒரே மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் உள்ளவற்றையும் அண்டைகளாகச் சேருங்கள். நான்கு அண்டை ஆறாகும், சதுரம் முக்கோண வலையாகிவிடும். பட்டியலில் −12, 12 என்ற இரண்டு மதிப்புகள் கூடும். மாறுநிலை வெப்பநிலை 4-ஐ மூன்றின் இயல் மடக்கையால் வகுத்த 3.641-க்குத் தாவிவிடும். அங்கே நின்று 16, 32, 64 என்று ஓட்டி அதே மடக்கை வரைபடத்தைப் போடுங்கள். சரிவு −1/8 வருகிறதா பாருங்கள்.